கொசுறு நின்றுபோன நாளிலிருந்து

எங்கள் தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் தம்பி, எடை போட்டு முடித்ததும் கேட்காமலே ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு கொத்தமல்லித் தண்டும் கிள்ளிப் பையில் போடுவார். வில்லிவாக்கத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான். 2019 டிசம்பரில் ஒரு நாள் நான் பையை நீட்டியபடியே நிற்கிறேன், அவர் அடுத்த ஆளுக்கு எடை போடப் போய்விட்டார். வெங்காயம் கிலோ 150 ரூபாயைத் தாண்டிய மாதம் அது. கேட்டேன். "கறிவேப்பிலையும் இப்ப காசு குடுத்துதான் அக்கா எடுக்கிறேன், கட்டுப்படியாகல, தப்பா நினைக்காதீங்க" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கே சங்கடமாக இருந்தது.

வெங்காய விலையை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதிவிட்டு, வழக்கமாக வாங்குவதில் பாதி மட்டும் வாங்கி ஓட்டிவிட்டேன். ஆனால் அந்தக் கொசுறு நின்றதுதான் மனசில் தங்கிப்போனது. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவர் செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். "கருவேப்பிலையக் காசு குடுத்தா வாங்குவாங்க?" என்று கேட்டார். அவர்கள் வீட்டில் குளிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் வாழை, கிணற்றடியில் கறிவேப்பிலை, வேலியோரம் முருங்கை, கூரைமேல் பூசணி. அதைத் தோட்டம் என்றுகூட யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, வீடு என்றால் அதெல்லாம் சேர்ந்ததுதான். எங்களுக்கு இங்கே பின்பக்கம் என்றால் அடுத்த வீட்டுச் சுவர். மண் என்று சொல்ல மிச்சமிருப்பது ஒரு முழம்கூட இல்லை. மிச்சமிருப்பது மொட்டை மாடி மட்டும்.

அடுத்த வாரமே கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கினேன். அப்புறம் 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையையே மூடி, காய்கறிக் கடைகளைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். நினைவிருக்கும். அந்த நாட்களில் வண்டியில் என்ன வருகிறதோ அதுதான் காய், வண்டிக்காரர் சொல்வதுதான் விலை. எங்கள் தெருவில் பாதி மாடிகளில் அப்போதுதான் செடி வளர்க்கும் பச்சைப் பைகள் முளைத்தன, எங்கள் மாடியிலும்.

இப்போது அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதல் வருஷம் பை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், விதை, நிழல்வலை எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய் செலவு. பறித்ததை அன்றன்றைய கடை விலைக்குப் போட்டுப் பார்த்தால் 1,900 தேறியது. நாலாவது வருஷம் செலவு 1,500, பறித்தது 6,800. மாடித் தோட்டம் போட்டால் வீட்டுச் செலவு பாதியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பால் என்று காசு போகிற எதுவும் மாடியில் விளையாது. 2022-23இல் மத்திய அரசு எடுத்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகரத்துக் குடும்பம் செலவழிக்கும் நூறு ரூபாயில் 39 ரூபாய் உணவுக்கே போகிறது என்று வந்தது, கிராமத்தில் 46. எங்கள் நோட்டிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். அந்த 39இல் காய், கீரை ஒரு பங்குதான். ஆனால் அந்த ஒரு பங்குதான் ஆடுகிறது. அரிசி மெல்ல ஏறும், ஏறினால் நிற்கும். தக்காளி பத்து ரூபாய்க்கும் போகும், நூற்றைம்பதுக்கும் போகும், அதுவும் ஒரே வருஷத்தில். வீட்டுக் கணக்கு பார்க்கிறவளுக்கு உயர்ந்த விலையைவிட இந்த ஆட்டம்தான் தலைவலி, ஏனென்றால் முன்கூட்டி ஒதுக்கி வைக்க முடியாது.

இங்கேதான் நான் மூன்று வருஷம் தப்பாக யோசித்தேன். எதன் விலை அதிகம் ஆடுகிறதோ அதை நாமே வளர்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பன்னிரண்டு பை தக்காளி வைத்தேன்.

2023 ஜூலையை மறக்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் தக்காளியைக் கொட்டினார்கள், அடுத்த போகத்தைப் பலர் குறைத்துக்கொண்டார்கள், மிச்சமிருந்ததை வெயிலும் வைரஸும் அடித்தன, கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் வரத்து விழுந்தது. சென்னைக்குத் தக்காளி கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் வருகிறது, அங்கே விழுந்தால் மறுநாளே நம் தெருவில் ஏறும். கிலோ 100 ஆனது, அந்த மாதக் கடைசியில் சில்லறையில் 200 ரூபாயைத் தொட்டது. அரசு நியாய விலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது, நானும் போய் வரிசையில் நின்றேன். அப்போது என் மாடியில் பன்னிரண்டு தக்காளிச் செடி. ஒன்றில்கூடக் காய் இல்லை.

பூ வந்தது, நிறைய வந்தது. எல்லாம் காம்போடு உதிர்ந்தது. உரம் போதவில்லை என்று மேலும் மேலும் போட்டேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன், இரவுச் சூடு 24, 25 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிப் பூ சரியாகக் காய் பிடிக்காது. சென்னையில் ஜூன், ஜூலை இரவுகள் பெரும்பாலும் 26, 27 டிகிரியில்தான் நிற்கும், அதுவும் பகலெல்லாம் காய்ந்த தளத்தின் மேல். ஆக, கோலார் விவசாயியின் வயலை அடித்த அதே வெயில்தான் என் மாடியையும் அடிக்கிறது. சந்தையில் தக்காளி இல்லாதபோது என்னிடமும் இருக்காது. மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் நாற்று நட்டால் மாசி, பங்குனியில் அருமையாகக் காய்க்கிறது, ஆனால் அப்போது தெருவில் வண்டிக்காரர் கிலோ இருபது என்று கூவிக்கொண்டு போகிறார்.

இது புரிய மூன்று வருஷம் ஆயிற்று. புரிந்த பிறகு தோட்டத்தை முழுக்க மாற்றினேன். இப்போது ஒரு செடியை வைக்கும் முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கடையில் விலை ஏறுகிற நாட்களில் இது என் மாடியில் உயிரோடு இருக்குமா?

முருங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் முருங்கைக்காய் யானை விலை விற்கும், ஏனென்றால் அந்த மாதங்களில் மரம் காய்ப்பதில்லை, நம் மரமும் காய்க்காது. ஆனால் கீரை இருக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வந்த பி.கே.எம்.1 ரகம் விதையிலிருந்தே வருகிறது, ஆறு மாதத்தில் பலன் கொடுக்கிறது. நீல நிற டிரம்மைப் பாதியாக அறுத்து அதில் வைத்திருக்கிறேன், மூன்று அடிக்கு மேல் போகவிடாமல் நுனி கிள்ளிக்கொண்டே இருக்கிறேன். காய் வந்தால் சரி, வராவிட்டாலும் வாரம் ஒரு நாள் முருங்கைக்கீரை நிச்சயம். கறிவேப்பிலைக்கு முதல் வருஷம் கைவைக்காமல் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான், புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்து மாதம் இரண்டு முறை ஊற்றினால் அடுத்த வருஷத்திலிருந்து கடைக்குப் போகிற வேலையே இல்லை. கோவைக்காய்க் கொடி ஒரு முறை குச்சி நட்டது, கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்து வருஷத்தில் எட்டு மாதம் காய்க்கிறது. பிரண்டைக்கு நான் தண்ணீர் ஊற்றியதாகவே நினைவில்லை. முடக்கத்தான் தானே விதை உதிர்த்துத் தானே முளைக்கிறது, தோசை மாவில் அரைத்துச் சேர்க்க வாரம் இரண்டு கைப்பிடி. பச்சை மிளகாய் ஒரே செடி இரண்டு வருஷம் நின்றது.

மழைக்காலக் கீரைக்கு வழி நானாகக் கண்டுபிடித்ததல்ல. எங்கள் தெருவுக்குக் காலையில் ஒரு கீரைக்கார அம்மா கூடையோடு வருவார். 2021 நவம்பர் மழையில், தக்காளியும் நூறைத் தாண்டியிருந்தது, கீரையும் கட்டு நாற்பது சொன்னார்.

"என்னம்மா, போன வாரம் இருபதுதானே?"

"சோழவரம் பக்கம் ஒரே தண்ணியா நிக்குது கண்ணு. சிறுகீரை, அரக்கீரை எல்லாம் அழுகிப்போச்சி. இருக்கறதத்தான் கொண்டாந்தேன்."

அப்படியே பேசிக்கொண்டிருந்தபோது நான் மாடியில் செடி வைப்பதைச் சொன்னேன். உடனே கூடையிலிருந்து பொன்னாங்கண்ணிக் கட்டு ஒன்றை எடுத்தார். "இலையக் கிள்ளிக்கோ, தண்ட வீசாத. கணு மண்ணுல படற மாதிரி ஊணு. இது தண்ணிக்குப் பயப்படாது." காசு வாங்க மாட்டேன் என்றார், நான் வற்புறுத்திக் கொடுத்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பொன்னாங்கண்ணி வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்கிற இனம், ஐப்பசி அடைமழையில் மற்ற கீரை நாற்றெல்லாம் தலை சாய்ந்து கிடக்கும்போது இது மட்டும் தழைக்கிறது. கொடிப்பசலையும் அப்படித்தான். நாலு பழைய பிளாஸ்டிக் தொட்டி, அதில் இந்த இரண்டும். மழைக்காலத்தில் வாரம் இரண்டு நாள் கீரைக்கு அது போதும் எங்கள் வீட்டுக்கு.

அந்த அம்மாவிடம் இன்னமும் கீரை வாங்குகிறேன். அரைக்கீரை, மணத்தக்காளி, வெந்தயக்கீரை என்று என்னிடம் இல்லாதது எதுவோ அது. ஆளாளுக்கு மாடியில் விளைவித்துக்கொண்டால் இவர்கள் பிழைப்பு என்னாவது என்று என் அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. என் அனுபவத்தில் நடந்தது வேறு. ஒரு கட்டு சிறுகீரைக்கு எத்தனை நாள், எத்தனை குடம் தண்ணீர், எத்தனை முறை களை என்று கையால் செய்து பார்த்த பிறகு அவரிடம் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. ரிசர்வ் வங்கி 2024இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 பைசா, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மிச்சம் லாரி, கமிஷன், அழுகல், கடை வாடகை. விலை 200 ஆனபோது விவசாயி வீட்டில் பணம் கொட்டியது என்று நினைத்தவள்தான் நானும். அந்த நேரத்தில் கையில் காய் வைத்திருந்த சிலருக்குக் கொட்டியிருக்கும், பலரிடம் காயே இல்லை, என் பன்னிரண்டு பைபோல.

சரி, தக்காளிக்கு என்னதான் வழி? வழி அதே மாடியில்தான் இருந்தது, செடியில் இல்லை, வெயிலில். மாசி, பங்குனியில் கிலோ இருபதுக்கு விற்கும்போது பத்துக் கிலோ வாங்கி, நாலாக அரிந்து, உப்புப் பிசிறி, வேட்டித் துணியில் பரப்பி நாலு நாள் காய வைக்கிறோம். பத்துக் கிலோ காய்ந்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும், ஏனென்றால் தக்காளியில் பெரும்பகுதி தண்ணீர். கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தால் ஆடி வரைக்கும் குழம்புக்கும் ரசத்துக்கும் ஆகிறது, சாறு கொஞ்சம் குறைந்தாலும் புளிப்பு அப்படியே இருக்கிறது. கூடவே கொத்தவரை வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய். மலிந்த மாதத்தில் வாங்கி மாடியில் காய வைத்ததில் மிச்சமான காசு, வளர்த்ததில் மிச்சமானதைவிட அதிகம், நோட்டே சொல்கிறது. அத்தைக்கு இது பெரிய விஷயமே இல்லை, அவர் அம்மா செய்ததுதான். நாங்கள்தான் நடுவில் நிறுத்திவிட்டிருந்தோம், ஃபிரிட்ஜ் வந்தது, கடை எந்நேரமும் திறந்திருந்தது, வற்றல் பாக்கெட்டில் வந்தது.

தொடங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். வாடகை வீடு என்றால் முதலில் வீட்டு ஓனரிடம் பேசுங்கள், ஒளித்து வைத்து அப்புறம் சண்டை வேண்டாம். அவர்கள் பயப்படுவது இரண்டுக்கு, பாரம், ஒழுகல். இரண்டும் நியாயம். ஓரடிக்கு ஓரடிப் பையில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் ஒன்று முப்பது கிலோவைத் தாண்டும். அதனால் தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசிவிட்டுத்தான் போட வேண்டும், அதில் உப்பு இருக்கும். பைகளைத் தளத்தின் நடுவில் பரப்பாமல் சுவரோரமாக, செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், அடியில் காற்றும் விளக்குமாறும் போக வேண்டும். தோட்டக்கலைத் துறை அவ்வப்போது மானிய விலையில் மாடித் தோட்டத் தளைகள் (கிட்) கொடுப்பதுண்டு, பை, நார்க்கட்டி, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் உள்ளே இருக்கும். கிடைத்தால் அதில் தொடங்குவது நல்லது, முதல் வருஷம் நான் செலவழித்த மாதிரி செலவழிக்க வேண்டியதில்லை.

சென்னையில் உண்மையான சிக்கல் தண்ணீர்தான். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்ற எனக்கு மனசு வராது. எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அதையே ஊற்றினால் பை ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் முழுக்க மாடிக்குப் போகிறது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே இல்லை, கோடையில் இரவில் ஒரு வாளி நிறைகிறது, நாற்றுகளுக்கு அதுதான். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்வார்கள், அது உப்பு திரண்ட தண்ணீர், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். பையின் மேல் காய்ந்த இலை, தேங்காய் மட்டை போட்டு மூடிவிடுங்கள். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன மூடாக்கு இதுதான், அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஊற்றுகிற இடத்தில் ஒரு வேளை போதுமானதாக இருக்கிறது. மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும். தொடர்ந்து மூன்று வாரம் அடிக்க வேண்டும், ஒரு முறை அடித்துவிட்டுப் போகவில்லையே என்று விடக்கூடாது.

புயல் வருகிறது என்றால் பையெல்லாம் மாடிப்படிக்கு. 2023 டிசம்பர் 3ஆம் தேதி மிக்ஜாம் வந்த இரவு நானும் என் பையனும் பதினெட்டுப் பை இறக்கினோம், முருங்கை டிரம்மை அசைக்க முடியவில்லை, பாதி ஒடிந்துபோயிற்று. பொங்கலுக்குள் ஒடிந்த இடத்திலிருந்தே துளிர்த்துவிட்டது. அந்த ஐந்தாறு நாள் எங்கள் தெருவுக்கு வண்டி எதுவும் வரவில்லை. முழங்காலளவு தண்ணீர். வீட்டில் அரிசி, பருப்பு இருந்தது, மேலே பொன்னாங்கண்ணி இருந்தது. கீழ் வீட்டு ஓனர் அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கூட்டு கொடுத்தேன். அவர்தான் முதலில் ஒழுகல் வரும் என்று வேண்டாம் சொன்னவர்.

இன்னும் பத்து நாளில் ஆடி பிறக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், அதை மாடிக்கும் நான் விடுவதில்லை. இந்த முறை வெண்டை ஆறு பை, கொத்தவரை நாலு, அவரை இரண்டு. வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கிவிடும், ஐப்பசி மழைக்குள் பெரும்பகுதி பறித்துவிடலாம். பொன்னாங்கண்ணித் தொட்டி இரண்டைப் பிரித்து நாலாக்க வேண்டும். ஓனர் அம்மா நேற்று மாடி ஏறி வந்து, பைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தக் கோவக்கா கொடியில ஒரு குச்சி ஒடிச்சிக் குடும்மா, நம்ம கேட்டுப் பக்கம் வெக்கலாம்" என்றார். கணு நாலு இருக்கிற மாதிரி இரண்டு குச்சி வெட்டித் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.